மதகுப் பக்கம் போகாத நான்கு நாள்

நன்றாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. நானும் நன்றாகப் பேசுகிறவன் என்பதால் என்னையும் நம்புவதில்லை. இதை எழுதும்போதுகூட, எந்த வாக்கியம் எனக்குச் சாதகமாக வளைகிறது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் வரலாறு நடத்தினேன். பண்டைய கிரேக்கம் எனக்குப் பிடித்த பாடம். ஏதென்ஸ் நகரத்து மக்களாட்சியில் பேச்சுக்கலையும் தர்க்கமும் ஏன் செழித்தன என்று பரீட்சையில் கேள்வி வரும். நான் சொல்லிக்கொடுத்த பதில் இதுதான். அங்கே போருக்குப் போவதா வேண்டாமா என்பதை மன்னன் முடிவு செய்யவில்லை. கூடியிருந்த குடிமக்கள் கை தூக்கி முடிவு செய்தார்கள். வழக்கு என்று வந்தால் வக்கீல் கிடையாது. அவனவன் வழக்கை அவனவனே பேச வேண்டும். எதிரே குலுக்கல் முறையில் வந்த சாதாரண மனிதர்கள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். பேசத் தெரியாதவன் நிலத்தை இழப்பான், சில சமயம் உயிரையே இழப்பான். ஆகவே பேசக் கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் வந்தார்கள். பேச்சில் ஏமாந்தவர்களுக்குப் பிறகு சந்தேகம் வந்தது. இவன் முதலில் சொன்னதிலிருந்து கடைசியில் சொன்னது உண்மையிலேயே வருகிறதா என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். தர்க்கம் அந்தச் சந்தேகத்துக்குப் பிறந்த பிள்ளை.

பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்தச் சபையில் இடமில்லை என்பதைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடுவேன். பரீட்சைக்கு வராது என்பதால் யாரும் அதைக் குறித்துக்கொண்டதில்லை.

ஓய்வு பெற்றதும் கூத்தாநல்லூர் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்கு வந்துவிட்டேன். வாய்க்கால் தொடங்குகிற தலைமடையில் எங்களுக்கு நாலு ஏக்கர். பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்திருந்தேன். ஒரு குறுவையில் ஆற்றில் தண்ணீர் குறைந்து முறை வைத்தார்கள்: நான்கு நாள் தலைமடைக்கு, அடுத்த நான்கு நாள் வாய்க்கால் முடிகிற கடைமடைக்கு. கடைமடையின் முறை தொடங்கிய நாள், என் ஆள் வந்து, நம்ம வயலில் தண்ணீருக்குக் குறையே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

அந்தச் சிரிப்பிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தீர்த்துக்கொள்ள ஒன்றும் மெனக்கெட வேண்டாம். தினமும் காலையில் நான் நடக்கிற வழியே, கடைமடைக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மதகை ஒட்டித்தான் போகிறது. ஆனால் அந்த நான்கு நாளும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை தார் ரோட்டில் நடந்துவிட்டுத் திரும்பினேன். யாரும் கவனிக்கவில்லை. ஏன் வழியை மாற்றினேன் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அதற்கடுத்து ஆகஸ்ட் பதினைந்து, கிராமசபை. கடைமடையில் ஒரு ஏக்கர் வைத்திருந்த பெண்மணி எழுந்து நின்றார். அவருடைய அப்பா எங்கள் வயலில் கூலி வேலை செய்தவர். இவர் சொந்தமாக நிலம் வாங்கிச் சாகுபடி செய்தார். பயிர் பொதி கட்டிக் கதிர் வெளிவரப்போகிற நேரம், எங்கள் முறையில் தண்ணீர் வந்து சேரவில்லை, மேலே யாரோ அடைக்கிறார்கள், முறை நாட்களில் மதகடியில் எங்கள் ஆள் ஒருவர் நிற்கத் தீர்மானம் போடுங்கள் என்றார். கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன்.

"அடைச்சதக் கண்ணால பாத்தியாம்மா?"

"பாக்கலீங்க சார். பாக்கத்தான் ஆள் போடச் சொல்றேன்."

அது சரியான பதில். முப்பது வருடம் பாடம் நடத்தியவனுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் தாண்டிப் போனேன்.

"நானும் பாக்கல. இங்க வேற யாராச்சும் பாத்தீங்களா?" கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். "யாருமே பாக்காத அடைப்புக்குக் காவல் போட்டா, நாளைக்கு யாருமே பாக்காத பேய்க்கும் காவல் போடணும்."

கூட்டம் சிரித்தது. கை தட்டினார்கள். தீர்மானத்துக்கு ஆதரவாகக் கடைமடைக்காரர்களின் ஐந்தாறு கைகள் மட்டும் உயர்ந்தன. அவர் உட்கார்ந்துவிட்டார். நான் பார்க்கவில்லை என்பது உண்மை. பார்த்துவிடக் கூடாதென்று பாடுபட்டுச் சம்பாதித்த உண்மை.

அவருடைய கதிர்கள் பதராக வெளிவந்தன. மாட்டுக்கு அறுத்துப் போட்டார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் மதகுக்குப் போனேன். தண்ணீருக்கடியில் நான்கு மணல் மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. என் கொட்டகையிலிருந்த உரச்சாக்குகள். என் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் உண்மையாகவே குழம்பிப் போனான்.

"சபையில நீங்க பேசினதக் கேட்டு, உங்களுக்குத் தெரியும்னுதான் சார் நெனச்சேன்."

மூட்டைகளை எடுக்கச் சொன்னேன். அவனை வேலையைவிட்டு அனுப்பவில்லை; அனுப்ப எனக்கு என்ன யோக்கியதை?

அக்டோபர் இரண்டாம் தேதி சபையில் எல்லாவற்றையும் சொன்னேன். வழியை மாற்றியது, மூட்டைகள், பேய். அன்றும் என்னையறியாமல் நன்றாகத்தான் பேசினேன் போலிருக்கிறது. கூட்டம் அசையாமல் கேட்டது. முடித்ததும் பின்வரிசையில் ஒருவர், "சார் பிரசிடெண்டுக்கு நிக்கப் போறாரு, அதான் இப்பவே ஆரம்பிச்சுட்டாரு" என்றார். மறுபடி சிரிப்பு. என் பங்காளிகள் இருவர் எழுந்து வெளியே போனார்கள்.

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. சம்பா நாற்று அவருடைய வயலில் அப்போதுதான் வேர் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவும் போனால் நிலத்தை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவர் தெருவில் சொல்லியிருந்தது என் காதுக்கும் வந்திருந்தது.

"அன்னைக்கும் நீங்க நல்லாத்தான் பேசினீங்க சார். இன்னைக்கும் நல்லாத்தான் பேசுறீங்க. எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது. தீர்மானத்துக்குக் கை தூக்குவீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

பதில் சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் கையை மட்டும் தூக்கினேன். தலைமடைக்காரர்களில் என்னைப் பார்த்துச் சிலர் தூக்கினார்கள், பலர் தூக்கவில்லை. சில கைகள் வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஊராட்சிச் செயலர் புத்தகத்தில் அதை எழுதி முடிக்கும்வரை அந்தப் பெண்மணி மேஜையருகிலேயே நின்று, எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் நகர்ந்தார்.

கடைமடையின் அடுத்த முறை தொடங்கிய அன்று காலை மதகுக்குப் போனேன். காவலுக்கு அவரே வந்திருந்தார். புடவையைச் சொருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, மதகின் அடியைக் காலால் துழாவிப் பார்த்துவிட்டுக் கரையேறி உட்கார்ந்தார். தண்ணீர் தடையில்லாமல் கீழே போய்க்கொண்டிருந்தது. நான் கிட்டத்தில் போய் நின்றேன். அவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, இன்னொரு முறை இறங்கித் துழாவினார்.