பலகாரம் கணக்கில் வராது

முட்டி அறுவை சிகிச்சைக்கு முன்னால் அம்மா எடை குறைய வேண்டும் என்று எலும்பு மருத்துவர் சொல்லியிருந்தார். குறையாவிட்டால் கத்தி வைக்க மாட்டார். அம்மாவால் அப்போது வீட்டுக்குள் நடப்பதே பெரும்பாடு. பௌர்ணமிக்கு மலை சுற்றப் போய் இரண்டு வருடமாகிவிட்டது.

"ஒரு நாளைக்கு எத்தன வேள சாப்பிடறீங்க?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஒரு வேளதாங்க. மத்தியானம் மட்டும்."

"ராத்திரி?"

"ராத்திரி சாப்பாட்ட நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சுங்க. திங்கக்கெழம, கார்த்திக, பௌர்ணமின்னா வெரதம் வேற."

மருத்துவர் என்னைப் பார்த்தார். "ராத்திரி டிபன் சார்" என்றேன்.

"என்ன டிபன்?"

"தோசதாங்க" என்றாள் அம்மா. "நாலு, அஞ்சு. அது பலகாரங்க, சாப்பாடு இல்ல."

அம்மா பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் சோறு. சோறு தொடாத நாள் விரத நாள். அன்று இட்லி, வடை, கேசரி எல்லாம் உண்டு, எதுவும் கணக்கில் வராது. நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டால் அதைப் பிழை என்று குறித்துத் திருத்தக் கொடுப்போம். இந்தச் சொல்லை யாரிடம் திருத்தக் கொடுப்பது?

வீட்டுக்கு வந்ததும் எடை ஏறும் காரணங்களை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். சர்க்கரை தூக்கலான காபி. சோற்றுக்குப் பின் தூக்கம். வலியால் நடக்காமல் இருப்பது, நடக்காததால் கூடும் வலி. கடைசியாக, சாயங்கால போண்டா.

அதை வாங்கி வருவது அப்பா. கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையிலிருந்து வரும்போது எண்ணெய் ஊறிய பொட்டலம் கையில் இருக்கும். இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்து பிரிப்பார்கள்.

"உங்கம்மா எதையும் சாப்பிட மாட்டாம்மா. காத்து குடிச்சே இப்படி ஆயிட்டா" என்பார் அப்பா.

"சட்னிய யார் காலி பண்ணது, நானா?" என்பாள் அம்மா.

அன்றைக்குக் கடைக்கு யார் யார் வந்தார்கள், எந்த லாட்ஜை இடிக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் பேச்சில் வரும். மற்ற நேரத்தில் அவர்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

பொட்டலம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். மறுபேச்சில்லாமல் நிறுத்திவிட்டார். இப்போது போண்டாக் கடை வாசலிலேயே நின்று தின்றுவிட்டு, இருட்டிய பிறகு வருகிறார். வந்ததும் நேராகக் கை கழுவப் போகிறார். அவர் சட்டையில் போண்டா வாசனை அடிக்கும். அம்மா கிண்ணத்தில் வெள்ளரிக்காயும் சுண்டலும் வைத்துக்கொண்டு தனியாக டிவி பார்க்கிறாள்.

எடை குறைந்தது. போன வாரம் மருத்துவர் தேதி குறித்துக் கொடுத்தார். ஆட்டோவில் வரும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஆபரேஷன் முடிஞ்சா அப்பா பழையபடி பொட்டலம் வாங்கியாறலாம் இல்ல?"

"இல்லம்மா. எட திரும்ப ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எப்பவும் இப்படித்தான்."

"எப்பவுமா?"

"ஆமாம்மா."

"அப்ப உங்கப்பா இனிமே சீக்கிரம் வீட்டுக்கு வரமாட்டாரு" என்றாள்.