போ என்று தொடங்கும் சொல்

கமலவேணிக்கு வாயைப் பார்த்தாலே பேச்சு புரிந்துவிடும். பன்னிரண்டு வருஷமாக மில்லில் நூல் சுற்றுகிறவள். மெஷின் இரைச்சலில் அங்கே காது இருந்தும் இல்லாத மாதிரிதான். எதிரில் நிற்பவளின் உதடு லேசாக அசைந்தால் போதும், "தண்ணி வோணுமா?", "மேஸ்திரி வராரா?" என்று மீதியை இவளே முடித்துவிடுவாள். பாதிச் சொல்லுக்கு மேல் யாருக்கும் காத்திருந்து பழக்கமில்லை.

வீட்டில் அதுவே வினையாகும் என்று யார் கண்டார்கள்!

மகள் ஆதிலட்சுமிக்கு ஏழு வயசு. நாலு வயசிலிருந்து திக்கல். முதல் எழுத்திலேயே உதடு ஒட்டிக்கொள்ளும். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தாயிற்று. வாயில் கூழாங்கல்லை அடக்கிப் பேசச் சொன்னார்கள். பிள்ளை ஒன்றை விழுங்கி வைத்தது. குடியிருந்த மூலக்குளத்திலிருந்து கோயில் கோயிலாக நடந்ததுதான் மிச்சம். வரவரப் பிள்ளை வாய் திறப்பதையே விட்டுக்கொண்டிருந்தது. இப்படியே ஊமையாகிவிடுவாளோ என்ற பயம் கமலவேணியை அரித்தது. ஆனால் ஷிப்டு முடிந்து வந்து இதற்கும் அலைய உடம்பில் தெம்பில்லை. "பேச்சுதான் வரல, சாப்பாட்டுல கொற வெக்கமாட்டா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி மனசைத் தேற்றிக்கொள்வாள்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஒருநாள், கடைசியாக ஒரு முறை என்று, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மாவிடம் போனாள்.

"நாக்குல கோளாறு எதுவும் இல்லம்மா. குழந்தை திக்கினா நீங்க என்ன செய்வீங்க?"

"நானே சொல்லி முடிச்சிடுவேன். பாவம், எவ்ளோ நேரம் முக்கும்?"

"இனிமே முடிக்காதீங்க. மெதுவா சொல்லு, திருப்பிச் சொல்லுன்னும் சொல்லாதீங்க. முகத்தைப் பாத்துக்கிட்டு சும்மா இருங்க."

கமலவேணிக்கு எரிச்சல் வந்தது. இதற்கா அரைநாள் லீவு? மருந்தில்லை, மாத்திரையில்லை, சும்மா இருக்க வேண்டுமாம்!

அன்று சாயங்காலம் மகளுக்குச் சோறு போட்டாள். தட்டு பாதி காலியானதும் வழக்கம்போல உதடு ஒட்டியது.

"போ... போ..."

"போடட்டுமா?" என்பது கமலவேணியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கையும் தன்னால் சட்டிக்குள் போனது. மூன்று வருஷமாக அப்படித்தான். பிள்ளை கையை நீட்டும். தட்டைக் காட்டுகிறாள் என்று இன்னொரு கரண்டி போடுவாள். தனக்கென்று அடியில் கிடந்ததையும் வழித்துப் போட்டுவிட்டு, வடித்த கஞ்சியைக் குடித்துப் படுத்த நாள் எத்தனையோ.

இன்று கரண்டியைப் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டாள். ஷிப்டு வேலையே தேவலை என்றிருந்தது. இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. பிள்ளையின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இருந்தும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போ... போ... போதும்மா."

கமலவேணிக்கு விளங்கவில்லை. "என்னாடி?"

"போதும். எ... எப்பவும் அ... அதான் சொல்றேன். நீ சா... சாப்புடு."

கமலவேணி சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். மீதிச் சோற்றைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். அழுதுகொண்டே ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை ஆதிலட்சுமி ஒன்றும் சொல்லாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.