ஒரு வரிக்கு நாற்பது எழுத்து

எண்பத்தாறாம் ஆண்டில் உரும்பிராயில் யாராவது படம் பார்க்க ஆசைப்பட்டால் என்னிடம்தான் வருவார்கள். ரி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேறு இரண்டு பேரும் கொடுத்தார்கள். அவர்களுடைய ரி.வி.யில் ஆட்களின் முகம் பச்சையாக இருக்கும். என்னுடையதில் முகம் முகத்தின் நிறத்தில் இருக்கும். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பச்சை முகம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் சொன்னது.

பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ரி.வி.யின் முதுகில் இருக்கிற திருகுகளில் எது எதற்கு என்று எனக்குத் தெரியும். படம் சரிந்தால் ஒன்று, மேலே மேலே ஓடினால் ஒன்று, வெளிறினால் ஒன்று. எந்த வீட்டுக்கு ரி.வி. போனாலும் நானும் கூடப் போய், அதற்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பேன். வேறு ஆள் திருகில் கைவைக்க விட்டதில்லை.

மகளுக்கு அப்போது இருபத்தொரு வயது. ஏ.எல். சோதனையை நன்றாகச் செய்தாள். பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் போதாத அளவுக்கு நன்றாக. அதன்பிறகு இரண்டு வருடம் வீட்டிலிருந்து கசெற்றுகளைப் பின்னுக்குச் சுற்றி அடுக்கினாள். அந்த வேலைக்கு ஏ.எல். தேவையில்லை என்று நான் அவளுக்குச் சொன்னது கிடையாது. ஒருநாள் அவளாகவே சொன்னாள்.

அப்படியிருக்கும்போதுதான் மாஸ்ரர் வந்தார். கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை செய்தவர், எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு ஊருக்கு வந்துவிட்டார். நாற்பது வயது, சிரிக்கிற பழக்கம் இல்லை. திருநெல்வேலியில் பலாலி றோட்டிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில் வீடு. அங்கே கொம்பியூட்டர் வகுப்பு ஒன்று தொடங்கப்போவதாகச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். அதில் "நிறத்திரையில்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. நல்லூரில் ஏற்கெனவே ஒரு வகுப்பு நடந்தது. அங்கே எழுத்து பச்சை மட்டும்தான். அதனால்தான் இவர் நிறத்தைப் பெரிதாகப் போட்டார்.

"அக்கா, உங்கடை ரி.வி.யும் டெக்கும் வேணும்" என்றார்.

"என்ன திகதி? எத்தினை படம்?"

"படம் இல்லை அக்கா. எழுத்து."

"எழுத்து ஓடுற நேரம் சனம் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போயிடும், மாஸ்ரர்."

அவர் கதிரையில் இருந்து விளக்கினார். கொம்பியூட்டரைக் கொழும்பிலிருந்து லொறியில் கொண்டுவந்தாராம். ஏற்றினவர்கள் மொனிற்றருக்கு மேலே அரிசி மூட்டையை வைத்துவிட்டார்கள். இன்னொன்று வருவதற்கு மாதக்கணக்காகும். ஆனால் திரைக்குப் படம் அனுப்புகிற சாமான் வேறு. அது ஒரு தகடு, கொம்பியூட்டருக்கு உள்ளே இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தகட்டின் முதுகில் இரண்டு வாய். ஒன்றில் ஒன்பது துளை. அது உடைந்துபோன மொனிற்றருக்கு. மற்றது ஒற்றை வட்டத் துளை, டெக்கின் பின்னால் இருக்கிறதைப் போல.

"அதுக்காலை ஒரு வயர் இழுத்து டெக்குக்குக் குடுத்தால், டெக் ரி.வி.க்குக் குடுக்கும். குறுக்காலை அறுநூற்று நாப்பது புள்ளி, மேலையிருந்து கீழை இருநூறு. எழுத்துக்குப் பதினாறு நிறம், படத்துக்கு நாலு."

"நாலோ?"

"ஓம். கறுப்போடை சேர்த்து நாலு."

"கறுப்பை ஏன் சேர்க்கிறியள்? ரி.வி.யை நிப்பாட்டினாலும் கறுப்பு வரும்."

அவர் அதற்கும் சிரிக்கவில்லை. நான் மகளைக் கூப்பிட்டு அவர் முன்னால் நிற்கவைத்தேன். ரி.வி. வேண்டுமானால் இவளும் வருவாள், படிக்க இல்லை, படிப்பிக்க என்றேன்.

"பத்துப் பேர் சேர்ந்தால் எனக்கு ரண்டாவது ஆள் கட்டாயம் தேவை அக்கா. பத்துக்குக் குறைஞ்சால் நான் ஒருத்தனே காணும். ஒன்பதெண்டாலும் நான் ஒருத்தன்தான். முதலே சொல்லிப்போட்டன்."

சரி என்றேன். போகும்போது கொம்பியூட்டரோடு வந்த புத்தகத்தை மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். தடிப்பான புத்தகம், முழுவதும் இங்கிலீஷ். அவள் அதை அன்றைக்குச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

வகுப்பு விஜயதசமி அன்று தொடங்குவதாக இருந்தது. ஏடு தொடக்குகிற நாளில் தொடங்கினால் பிள்ளைகள் வருவார்கள் என்று மாஸ்ரருக்குத் தெரியும். வாடகைக் காரில் பழைய சேலை சுற்றி ரி.வி.யைக் கொண்டுபோய் அவருடைய கூடத்தில் வைத்தேன். ஆனால் வயர் வந்து சேரவில்லை. றேடியோக் கடைக்காரர் அதைச் செய்து கொடுத்தது சரஸ்வதி பூசையின் முதல்நாள்.

எங்கள் பக்கத்தில் நவராத்திரியின் கடைசி மூன்று நாளும் புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவோம். விஜயதசமி விடியும்வரை அவற்றைத் தொடுவதில்லை. கொம்பியூட்டர், ரி.வி., டெக், வயர் எல்லாவற்றையும் நான்தான் மாஸ்ரர் வீட்டுக் கூடத்தில் படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்துச் சந்தனப் பொட்டு வைத்தேன்.

"அக்கா, ஒருக்காக் குடுத்துப் பாத்திட்டு வைப்பமே?" என்றார் மாஸ்ரர். "அஞ்சு நிமிசம்."

"வைச்சது வைச்சதுதான்."

"ஏதும் பிழை வந்தால்?"

"படிப்புக்குரிய தெய்வத்துக்கு முன்னாலை மூண்டு நாள் இருந்த சாமான் எப்பிடிப் பிழைக்கும்?"

அவருடைய மனைவியும் என் பக்கம் நின்றதால் அவர் விட்டுக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து, மகளின் கையிலிருந்த கொம்பியூட்டர்ப் புத்தகத்தையும் வாங்கிச் சிவப்புப் பட்டில் சுற்றி எங்கள் சுவாமி அறையில் வைத்தேன். மூன்று நாளும் காலை மாலை அதற்குப் பூப் போட்டேன். அவளும் பக்கத்தில் நின்று கும்பிட்டாள்.

விஜயதசமி காலை மாஸ்ரர் வீட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. பெயர் கொடுக்க வந்தவர்கள் பத்துப் பேர், அவர்களுடைய தாய் தகப்பன், சும்மா பார்க்க வந்த ஒழுங்கைச் சனம். முன்வரிசையில் பென்ஷன் எடுத்த தபால் கந்தோர்க்காரர் ஒருவர் பேரனோடு இருந்தார். நிறைகுடம் வைத்து, தேங்காய் உடைத்து, மாஸ்ரர் கொப்பியில் பத்துப் பெயரையும் எழுதினார். மகள் புதுச் சேலையோடு மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். பிறகு மாஸ்ரர் சுவிச்சைப் போட்டார்.

திரையில் வெளிச்சம் வந்தது. வந்தது நிற்கவில்லை, கீழே இருந்து மேலே ஓடிக்கொண்டேயிருந்தது. எல்லோரும் தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்கள். நான் எழுந்து போய், ரி.வி.க்குப் பின்னால் கையை விட்டு, உரிய திருகைப் பிடித்து நிறுத்தினேன். அந்த வேலை எனக்குச் சாதாரணம்.

நின்றபிறகு பார்த்தால் கறுப்பும் வெள்ளையும்.

"நோட்டீசிலை நிறம் எண்டு கிடக்குது" என்றார் தபால் கந்தோர்க்காரர்.

"தகடு அமெரிக்காவிலை செய்தது ஐயா" என்றார் மாஸ்ரர். "அவங்கள் நிறம் அனுப்புற முறை வேறை, எங்கடை ரி.வி. நிறம் வாங்கிற முறை வேறை."

"அப்ப அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போயோ படிப்பிக்கப் போறியள்?"

சனம் சிரித்தது. நிறம் வராததைக்கூட அவர்கள் பொறுத்திருப்பார்கள். அதைவிடப் பெரிய பிழை எழுத்தில் இருந்தது. மாஸ்ரர் எதையோ அடித்தார், திரை நிறைய எழுத்து வந்தது. எல்லா எழுத்தும் மெல்லிசாய், ஒன்றோடொன்று ஒட்டி, களியாய்ப்போன இடியப்பம் மாதிரிக் கிடந்தது.

"உது என்ன பாஷை?" என்றார் தபால் கந்தோர்க்காரர்.

"இங்கிலீஷ் ஐயா."

"நான் முப்பது வருசம் தந்தி வாசிச்சனான். உது இங்கிலீஷ் இல்லை."

நான் எனக்குத் தெரிந்த எல்லாத் திருகையும் ஒருக்கால் திருகினேன். எழுத்து வெளிறியது, கறுத்தது, திரும்பவும் வெளிறியது. பிரியவில்லை. என் ரி.வி. இப்படி என்னைச் சபையில் கைவிட்டது அதுதான் முதல்தரம்.

"ரி.வி.யிலை பிழை இல்லை" என்றேன். "அனுப்புறதிலைதான் பிழை."

"அனுப்புறது அச்சொட்டாய்ச் சரி அக்கா. வாங்கிறதாலைதான் ஏலாமல் கிடக்கு."

"இந்த ரி.வி.யிலை ஒரு நடிகையின்ரை மூக்குத்திக் கல்லு எண்ணலாம், மாஸ்ரர்!"

பின்னால் இரண்டு தகப்பன்மார் நல்லூர் வகுப்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். பச்சையென்றாலும் அங்கே வாசிக்கலாமாம். மாஸ்ரரின் கழுத்தில் வியர்வை ஓடியது. பத்துப் பெயரும் கொப்பியில் இருந்தன; இன்னும் ஐந்து நிமிடத்தில் எத்தனை இருக்கும் என்பது வேறு விஷயம்.

அப்போது மகள் வாயைத் திறந்தாள்.

"ஒரு வரியிலை எம்பது எழுத்து அனுப்புறியள் மாஸ்ரர். அது மொனிற்றருக்குக் காணும். ரி.வி.யாலை அவ்வளவு புள்ளியைப் பிரிச்சுக் காட்ட ஏலாது. வரிக்கு நாப்பதாக்குங்கோ. புள்ளியும் அரைவாசியாகும், முந்நூற்று இருபது. நிறத்தையும் நிப்பாட்டச் சொல்லுங்கோ. வராத நிறம்தான் எழுத்தைக் குழப்புது."

மாஸ்ரர் அவளைப் பார்த்தார். அவள் அவருடைய பதிலுக்கு நிற்காமல் குனிந்து ஏதோ நாலைந்து எழுத்து அடித்தாள். திரை ஒருக்கால் வெறுமையானது. பிறகு எழுத்து வந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல இரண்டு மடங்கு அகலம், கொழுத்து, தனித்தனியாக. அவள் வணக்கம் என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். கூடத்தின் கடைசியில் நின்றவர்களும் வாய்விட்டு வாசித்தார்கள்.

"இது இங்கிலீஷ்" என்றார் தபால் கந்தோர்க்காரர்.

மாஸ்ரர் முகத்தைத் துடைத்தார். முன்வரிசையில் மகனோடு இருந்த ஒரு தாய், உண்மையாகவே மெச்சிக்கொண்டு கேட்டாள்:

"கெட்டிக்காரி. உதை எங்கை பிள்ளை படிச்சனி?"

"புத்தகத்திலை கிடக்கு அன்ரி. நேற்றுத்தான் அந்த இடம் வாசிச்சனான்."

என் மகளுக்குப் பொய் சொல்ல வராது. அதற்கு வளர்ப்புத்தான் காரணம், வளர்த்தது நான். நேற்று என்ன நாள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"பூசைக்கு வைக்கேல்லையோ புத்தகத்தை?" என்றாள் அந்தத் தாய், என்னைப் பார்த்து.

"வைச்சது. நான்தான் வைச்சனான்."

"அம்மா வைச்சவ" என்றாள் மகள். "நான் எடுத்துப்போட்டு, பட்டுக்குள்ளை போன வருசத்துப் பஞ்சாங்கத்தைச் சுத்தி வைச்சனான்."

மூன்று நாள் நான் பழைய பஞ்சாங்கத்துக்குப் பூப் போட்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எனக்கு வந்த கோபத்தைச் சபையில் காட்ட முடியவில்லை.

அந்தத் தாய் மகனின் கையைப் பிடித்து எழும்பினாள். "சரஸ்வதியிட்டை வைச்சதைக் களவாய் எடுத்த கையாலை என்ரை பிள்ளைக்கு ஏடு தொடக்க வேண்டாம். பேரை வெட்டுங்கோ மாஸ்ரர்."

மாஸ்ரர் அவர்கள் வாசலைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு ஒரு பெயரை வெட்டினார். பிறகு விரலால் எண்ணினார். ஒன்பது. திரும்ப எண்ணினார். அவர் சொன்ன சொல் மாறுகிற ஆள் இல்லை. பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். மகள் மேசையைவிட்டு இரண்டு அடி தள்ளி, பார்க்க வந்தவர்களோடு போய் நின்றாள்.

ஐந்து நிமிடம் பரீட்சித்துப் பார்க்க விட்டிருந்தால் மாஸ்ரருக்குப் பிழையைக் கண்டுபிடிக்க மூன்று நாள் கிடைத்திருக்கும். விடாதது நான். பட்டைச் சுற்றினதும் நான். அவள் அதை அவிழ்த்திராவிட்டால் அன்றைக்கு ஒன்பது பேரும் இருந்திருக்கமாட்டார்கள். இதையெல்லாம் நான் வாயால் சொல்லவில்லை. பிழையை ஒத்துக்கொள்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"பேனையை எடுங்கோ மாஸ்ரர்" என்றேன். "பத்தாவது பேர் எழுதுங்கோ."

"ஆற்றை பேர் அக்கா?"

என் பெயரைச் சொன்னேன்.

"அக்கா, இது படிக்கிற பிள்ளையளுக்கு..."

"பத்துப் பேர் எண்டுதான் சொன்னியள். வயசு சொல்லேல்லை."

"இங்கிலீஷ் தெரியுமோ?" என்றார் தபால் கந்தோர்க்காரர்.

"நாப்பது நாப்பதாய்ப் போட்டால் பழகுவன்."

மாஸ்ரர் பேனையைத் திறந்து எழுதினார். எழுதி முடித்து, கொப்பியிலிருந்து தலையை எடுக்காமலே, "நாளைக்கு எட்டு மணிக்கு வாரும் பிள்ளை" என்று மகளுக்குச் சொன்னார்.

நான் ஒப்புக்குப் போன மாணவி இல்லை. வகுப்பு நடந்த நாளெல்லாம் போனேன், முன்வரிசை வாங்கில் இருந்தேன். ரி.வி. அங்கே நின்றதால் எனக்கு வேறு வேலையும் இருக்கவில்லை. டெக் கேட்டு வந்தவர்களுக்கு, ரி.வி. படிப்பிக்கப் போய்விட்டது என்று சொல்லியனுப்பினேன். இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் விசைப்பலகையில் இருக்கிற ஒழுங்கில்தான் எனக்கு இன்றைக்கும் தெரியும். மகள் என்னை மற்றப் பிள்ளைகளைப் போலவே நடத்தினாள். பிழையாக அடித்தால், "கவனம் எங்கை?" என்று கேட்பாள். அதே கேள்வியை நான் அவளிடம் எத்தனையோ வருடம் கேட்டிருக்கிறேன்.

தை பிறந்து சில நாளில் புது மொனிற்றர் வந்தது. இந்தமுறை மாஸ்ரரே லொறியில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒன்பது துளை வாயில் மாட்டினார்கள். வரிக்கு எண்பது எழுத்து, நிறத்தோடு, ஊசி குத்தினமாதிரி நின்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு எறும்பு ஊர்கிறதுதான் தெரிந்தது. கண்ணாடி போட்டும் பார்த்தேன், எறும்புதான்.

மாஸ்ரர் கொப்பியைப் புரட்டினார். அப்போது பதினாலு பேர் இருந்தோம்.

"அக்கா, இனி நீங்கள் நிண்டாலும் பத்துக்குக் குறையாது" என்றார்.

வாடகைக் காரை வாசலுக்குக் கூப்பிட்டு ரி.வி.யை ஏற்றுவித்தேன். கடைசியாக வயரைச் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்து வாசலில் நின்றேன். மகள் பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"நான் போட்டு வாறன்" என்றேன்.

"ஓம் அம்மா. வெளிச்சம் திரையிலை அடிக்குது. கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ" என்றாள், திரும்பாமல்.

சாத்திவிட்டுப் போனேன்.