காட்டேரிக்குப்பம் ஃபைனலில் ஷைஸ்தாவின் மைக்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு, மாலை நான்கு மணி. காட்டேரிக்குப்பம் கபடி மைதானத்தில் நிற்க இடமில்லை. மதில் மேல் ஆட்கள், டிராக்டர் டிரெய்லர் மேல் ஆட்கள். மேடையில் வர்ணனையாளர் ஷைஸ்தா. வயது இருபத்தாறு, ஊர் வில்லியனூர்.

மூலக்குளத்தில் ஒரு துணிக்கடை வாசலில் ஆடித் தள்ளுபடியைக் கூவிக்கொண்டிருந்தவர் அவர். பஸ் ஹாரனைத் தாண்டிக் கேட்ட அந்தக் குரலைக் கபடிக்கு அழைத்து வந்தவர் போட்டி அமைப்பாளர் கலைச்செல்வன். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊருக்கு வர்ணனை ஆள் வேண்டுமென்றாலும் அவரைத்தான் கேட்பார்கள். அவர் கைகாட்டினால்தான் அழைப்பு வரும். அன்று கரியமாணிக்கத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். மே மாதம் அவர்கள் ஊரில் பெரிய போட்டி. அது கிடைத்தால் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கிக்கொள்ளலாம் என்றிருந்தார் ஷைஸ்தா.

கலைச்செல்வனுக்கு ஒரு பழக்கம். இரண்டு வருடமாக எல்லா மேடையிலும் ஷைஸ்தாவை ஒரே மாதிரிதான் அறிமுகம் செய்வார்: “முஸ்லிம் பொண்ணா இருந்தும் எவ்ளோ அழகா தமிழ் பேசுது பாருங்க.” கூட்டம் கைதட்டும். ஷைஸ்தா சிரிப்பார். அவர் வீட்டில் சண்டை, சமையல், கொஞ்சல் எல்லாமே தமிழில்தான். அப்பா அக்பர் அலிக்கு வேறு மொழியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. இருந்தாலும் பாராட்டுதானே என்று விட்டுவிடுவார். பிறகு ஏன் முதல் ரெய்டுக்குக் குரல் எழும்புவதே இல்லை என்பதுதான் புரியாது.

புரிய வைத்தவர் ஸ்கோர் போர்டு பார்க்கும் வைஜெயந்தி. போன மாதம் டீக்கடையில் கேட்டார்.

“ஏண்டி, நான் தமிழ் நல்லா பேசறேன்னு எப்பனா சொல்லியிருக்காரா அந்தாளு?”

“நீ பேசற தமிழுக்கா?”

“அதான் சொல்றேன். நான் கன்னாபின்னான்னு பேசினாலும் அது என்னுது. நீ எவ்ளோ நல்லா பேசினாலும், யார் வூட்லயோ இரவல் வாங்கினா மாதிரி இல்ல சொல்றாரு.”

ஃபைனலிலும் அதே அறிமுகம், அதே கைதட்டல். ஷைஸ்தா சிரிக்கவில்லை. மைக்கை வாங்கினார்.

“நன்றி அண்ணே. இப்ப நான் உங்கள அறிமுகம் பண்றேன். இவர்தான் நம்ம அமைப்பாளர் கலைச்செல்வன் அண்ணன். இந்துவா இருந்தும் எவ்ளோ அழகா தமிழ் பேசறாரு பாருங்க. கைதட்டுங்க.”

டிரெய்லர் மேலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. மைதானம் முழுக்கத் தொற்றிக்கொண்டது. கலைச்செல்வன் என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியைச் சரிசெய்தார். நடுவர் விசில் ஊதினார். முதல் ரெய்டுக்கே ஷைஸ்தாவின் குரல் மதிலைத் தாண்டிப் போனது.

இடைவேளையில் கலைச்செல்வன் நேராக வந்தார். கரியமாணிக்கத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாம்மா, இவ்ளோ பேர் எதிர்ல இப்டி பண்ணிட்ட. நான் பெருமையாதானே சொன்னேன்?”

“தெரியும்ணே. நானும் பெருமையாதான் சொன்னேன். கேக்க எப்டி இருந்துச்சு?”

அவர் யோசித்தார். “ஒருமாதிரியாதான் இருந்துச்சு.”

“எனக்கு ரெண்டு வருஷமா அப்டித்தான்ணே இருக்கு.”

வைஜெயந்தி ஸ்கோர் போர்டில் இல்லாத தூசியைத் துடைத்தார். கலைச்செல்வன் திரும்பிக் கரியமாணிக்கத்துக்காரர்கள் பக்கம் போனார். மே மாதம் போயே போச்சு என்று நினைத்துக்கொண்டு ஷைஸ்தா மீண்டும் மைக்கைப் பிடித்தார்.

கடைசி ரெய்டு. இரண்டு அணிக்கும் சமப் புள்ளி. “காட்டேரிக்குப்பம் பாக்யராஜ் உள்ள போறாரு. கை நீட்றாரு, தொட்டாச்சு, மாட்டிக்கினாரு. நாலு பேர் மேல. இழுக்கறாரு, இழுக்கறாரு, நடுக்கோடு, விரல், விரல்தான் பாக்கி…” மதில் மேல் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். விரல் கோட்டைத் தொட்டது. கோப்பை உள்ளூருக்கு.

பரிசளிப்பில் கலைச்செல்வன் மைக்கைப் பிடித்தார். “வர்ணனை…” என்று தொடங்கி நிறுத்தினார். பழைய வரி நாக்கு வரை வந்தது எல்லோருக்கும் தெரிந்தது. “வர்ணனை, ஷைஸ்தா, வில்லியனூர்,” என்றார். “கடைசி ரெய்டுல எனக்கே மூச்சு நின்னுபோச்சு.”

கீழே இறங்கியதும் கரியமாணிக்கம் சுபாஷ் கலைச்செல்வனிடம் கேட்டார்: “நல்லா பேசுதுண்ணே. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தியோ?”

“வர்ணனைக்கு வாய்தானேப்பா வேணும்,” என்றார் கலைச்செல்வன்.

மே 4 அன்று கரியமாணிக்கத்தில் முதல் ஆட்டம். ஸ்கோர் போர்டு வைஜெயந்தி. வர்ணனை ஷைஸ்தா.