பதினொருவரும் ஒரு நீலக் கதிரையும்

“மலரக்கா, எங்கடை போட்டிக்கு ஒரு ஆள் குறையுது. நீங்களும் ஒரு அணி போடுங்கோவன்,” என்றார் நவரத்தினம், நீலக் கதிரையில் சாய்ந்தபடி.

தேநீர் வார்த்துக்கொண்டிருந்த மரியமலர் நிமிரவில்லை. “பந்து உருண்டை எண்டதைத் தவிர எனக்கு ஒண்டும் தெரியாது.”

“அது தெரிஞ்சாக் காணும். இராசலிங்கத்துக்கு அதுவும் தெரியாது. மூண்டு வருசமா விளையாடுறார்.”

சுற்றியிருந்த தகப்பன்மார் சிரித்தார்கள். இராசலிங்கமும் சேர்ந்து சிரித்தார்.

“வெண்டால் என்ன தருவியள்?”

“ஒண்டும் இல்லை, அக்கா. பேர்தான்.”

“பேர் எனக்கு இருக்கு.”

“அப்ப வேறை என்ன வேணும்?”

மரியமலர் கேத்தலைக் கீழே வைத்தார். “நான் வெண்டால் அடுத்த சீசன் முழுக்க நீர் தேத்தண்ணி போடும். நான் அந்தக் கதிரையிலை இருக்கிறன்.”

நவரத்தினம் தனக்குக் கீழிருந்த கதிரையை ஒருமுறை குனிந்து பார்த்தார். “நீங்க வெண்டால், அக்கா, தேத்தண்ணி என்ன, றோல்சும் சுடுறன்.”

“றோல்ஸ் வேண்டாம். பிள்ளையளுக்கு வயித்துக்குத்து வந்திடும். தேத்தண்ணியை மட்டும் எழுதித் தாரும்.”

வெறும் பால் பெட்டி ஒன்றைக் கிழித்து, அதன் உட்புறத்தில் நவரத்தினம் எழுதினார். மரியமலர் அதை வாசித்துவிட்டு, “திகதி?” என்றார். திகதியும் போடப்பட்டது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிகளை அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற ஆசிரியை தேனுஜாவுக்கு இந்தப் பேச்சு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. ஏனென்றால் அடுத்த வசனம் அவளுக்கு வந்தது.

“பிள்ளை, என்ரை அணியை உம்மடை போனிலை வையும். என்ரை போன் அடிச்சால் யாரோ கிராங்க், சுகமில்லை, வேலைக்கு வரேல்லை எண்டுதான் அர்த்தம். அதுக்குள்ளை விளையாட்டை விட ஏலாது.”

டுசல்டோர்ஃபில் சனிக்கிழமைகளில் ஒரு ஜெர்மன் பாடசாலைக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. இரண்டு மணிக்குப் பிள்ளைகள் வகுப்புக்குள் போய்விட, பெற்றோர் கீழ்த்தள நடைபாதையில் கோட்டுக் கொக்கிகளுக்குக் கீழே காத்திருப்பார்கள். அங்கே ஒரு மேசை, இரண்டு கேத்தல், சுவரில் ஒரே ஒரு இரட்டைச் செருகுவாய். இரண்டு கேத்தலையும் ஒன்றாகப் போட்டால் கட்டடத்தின் பாதி இருண்டுவிடும் என்பது மரியமலருக்கு மட்டும் தெரிந்த இரகசியம். மற்றவர்கள் கேத்தலைத் தொட்டதே இல்லை. அவருடைய மகன் சுலக்ஷன் அந்தப் பள்ளியை விட்டு ஆறு வருடமாகிறது. இப்போது ஹனோவரில் வேலை. தாய் மட்டும் தேநீர் மேசையோடு அப்படியே நின்றுவிட்டார். யாரும் நிற்கச் சொல்லவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. பதினொரு வருடத்தில் அந்த நடைபாதையில் அவர் உட்கார்ந்து தேனுஜா பார்த்ததில்லை. கைப்பிடி வைத்த நல்ல கதிரை ஒன்றுதான் இருந்தது. அதில் நவரத்தினம் இருந்தார்.

தகப்பன்மாரின் போட்டி எளிமையானது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெர்மன் உதைபந்தாட்டக் கழகங்களிலிருந்து புதிதாகப் பதினொரு ஆட்டக்காரரைப் போன் செயலியில் தெரிவுசெய்ய வேண்டும். அன்றைய ஆட்டத்தில் அவர்கள் விளையாடுவதைப் பொறுத்துப் புள்ளி விழும். ஒவ்வொருவருக்கும் செயலி ஒரு மதிப்பு போட்டிருக்கும். பதினொருவரையும் நூறுக்குள் அடக்க வேண்டும். நட்சத்திரம் ஒருவனை எடுத்தால் மிச்சப் பேரை மலிவாகத் தேட வேண்டிவரும். அணித்தலைவனாக யாரைக் குறிக்கிறோமோ அவனுடைய புள்ளி இரட்டிப்பாகும். மூன்றரைக்கு ஆட்டங்கள் தொடங்கும். அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது. சீசன் முடிவில் எல்லாக் கிழமையின் புள்ளிகளையும் கூட்டுவார்கள்.

முதற் சனிக்கிழமை தேனுஜா போனை நீட்டி, “ஆரைப் போடுறது, அன்ரி?” என்று கேட்டாள். அவர் சின்ன வயதில் இந்த ஊருக்கு வந்த காலத்தில் பந்தடி பார்த்தவராக இருக்கலாம் என்று ஒரு நப்பாசை அவளுக்கு.

மரியமலர் கேட்ட கேள்விகளில் பந்து வரவேயில்லை.

“வியாழக்கிழமை வெளிநாட்டிலை விளையாடிப்போட்டு வெள்ளி விடிய வந்திறங்கினது ஆர்?”

தேனுஜா தேடிச் சொன்னாள்.

“அவையளை விடும். ஒப்பந்தம் இந்த வருசத்தோடை முடியிறது ஆருக்கு?”

“ஏன், அன்ரி?”

“ஒப்பந்தம் முடியப்போறவன் சனி ஞாயிறும் வேலைக்கு வருவான், பிள்ளை. நிரந்தரமாக்கிப் பாரும், திங்கள் காய்ச்சல்.”

அப்போதுதான் தேனுஜாவுக்கு விளங்கியது. மரியமலர் ஒரு துப்புரவு நிறுவனத்தில் நாற்பத்துமூன்று பேருக்கு வேலை அட்டவணை போடுகிறவர். முன்பு அவரே வாளியும் துடைப்பமுமாக அலுவலகங்களில் மாடி மாடியாக ஏறியவர். இப்போது யார் எந்த மாடிக்கு என்பதை முடிவுசெய்கிறார். அவருக்கு ஆட்டம் தெரியாது. ஆட்களைத் தெரியும். யார் காயம் ஆறும் முன்னே “எனக்குச் சுகம்” என்று பொய் சொல்லுவான், யார் மேலதிகாரியோடு முறுகிய மறுகிழமை மாய்ந்து மாய்ந்து உழைப்பான், யாருக்குப் பக்கத்தில் யாரை விடக்கூடாது. கோல்காப்பாளர் விடயத்தில் எப்போதும் அடி வாங்குகிற கழகத்தில்தான் ஆள் எடுத்தார். “அழுக்குக் கூடின மாடியிலைதான் வேலைகாரன்ரை கெட்டித்தனம் தெரியும்,” என்றார். அந்தக் கோல்காப்பாளன் நாலு கோல் விட்டாலும் ஒன்பதைத் தடுத்துப் புள்ளி அள்ளிக் கொடுத்தான்.

எல்லாக் கிழமையும் மாறாமல் இருந்த பெயர் ஒன்று. ஹோல்ட்கம்ப். முப்பத்துமூன்று வயது, இடப்பக்கத் தடுப்பாளன், மலிவு, அழகில்லாத ஓட்டம். நாலு வருடமாக ஓர் ஆட்டமும் தவறவிடாதவன். “லீவு கேளாத ஆள்,” என்பார் மரியமலர், தன் பணியாளர்களில் ஒருவனைச் சொல்வது போல.

நவரத்தினமோ பேருக்கு விளையாடுகிறவர். பெரிய பேர் மூன்று எடுப்பார், மிச்சத்துக்கு, ஆட இறக்கப்படாமல் வாங்கில் தூங்குகிறவர்களைப் போட்டு நிரப்புவார். கொலோன் கழகத்து ஆளைச் செத்தாலும் தொடமாட்டார். பக்கத்து ஊரோடான பகை அவருக்கு அவ்வளவு பெரிய விடயம். ஆனாலும் அதிர்ஷ்டம் அந்த மனிசனோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. மே மாதம் சீசனின் கடைசி ஆட்டநாள் வந்தபோது நவரத்தினம் முதலிடம், மரியமலர் ஏழு புள்ளி பின்னால்.

“கதிரைக்கு உறை தைக்கட்டோ, அக்கா?” என்றார் நவரத்தினம்.

“தையும். நிறம் நீலமாப் பாத்துத் தையும்.”

துரதிர்ஷ்டம் என்னவென்றால், அதே சனிக்கிழமைதான் பள்ளியின் ஆண்டிறுதித் தேர்வு. தேர்வு மேற்பார்வைக்கு வேறு நகரத்துப் பள்ளியிலிருந்து ஒருவர் வருவது வழக்கம். சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் கண்சாடை காட்டாதிருக்க அந்த ஏற்பாடு. அந்த முறை ஹனோவரிலிருந்து ஸ்ரீதரன் வந்திருந்தார். சேட்டுப் பையில் மூன்று பேனை, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. இரண்டாம் மாடி மண்டபத்துக்குள் நுழையும்போதே ஒரு பழக்கூடையை நீட்டி, காவலுக்கு நின்ற ஆசிரியர்களின் போன்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். தேனுஜாவின் போன் கூடையின் அடியில் போயிற்று. மரியமலரின் பதினொருவரும் அதற்குள்ளே. பிரென்னர் என்ற முன்னணி ஆட்டக்காரன் தலைவன். காலையிலேயே போட்டாயிற்று, பயமில்லை.

மூன்று மணியளவில் கீழே நவரத்தினம் போனைப் பார்த்து உரக்க வாசித்தார். “பிரென்னருக்கு விடியப்புறம் பொம்பிளைப் பிள்ளை பிறந்திருக்காம்! நேரே ஆஸ்பத்திரியாலை மைதானத்துக்கு வந்திட்டானாம்.”

மரியமலரின் கை நின்றது. இரவு முழுக்க நித்திரை இல்லாத தகப்பன். அப்படிப்பட்டவனை அவர் ஒரு படிக்கட்டுத் துடைக்கக்கூட அனுப்பமாட்டார். கடவுச்சொல் தேனுஜாவுக்கு மட்டுமே தெரியும்; அவளுடைய போன் கூடைக்குள் இருப்பது கீழே யாருக்கும் தெரியாது. நேரம் மூன்று ஐந்து.

மேற்பார்வையாளர்களுக்கு மூன்று மணித் தேநீர் கொண்டுபோவதும் வழக்கம்தான். தட்டத்தில் நாலு கோப்பை வைத்து, ஒன்றின் அடியில் மடித்த காகிதத் துண்டையும் வைத்துக்கொண்டு மரியமலர் மாடியேறினார். தேர்வு மண்டபத்துக்குள் துண்டு கொண்டுபோனால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. தேனுஜாவின் விரல் அதில் படுமுன் ஸ்ரீதரனின் விரல் பட்டது. கண்ணாலேயே இருவரையும் வெளியே கூப்பிட்டார்.

“அக்கா, இது என்ன?”

“துண்டு.”

“துண்டெண்டு தெரியுது. ‘பிரென்னரை நீக்கு, ஹோல்ட்கம்ப்பைத் தலைவனாக்கு.’ எந்த வினாவுக்கு விடை இது? எட்டாம் வகுப்பு வரலாறோ?”

தேனுஜாவுக்குக் காது சுட்டது. சிரிப்பும் வந்தது, அதை விழுங்கினாள். மரியமலர் போட்டி, பால் பெட்டி, ஏழு புள்ளி, பிறந்த பிள்ளை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிமுடித்தார்.

ஸ்ரீதரன் யோசித்தார். “விடியப்புறமோ பிறந்தது?”

“ஓம்.”

“மனுசன் கண் மூடியிருக்கமாட்டான்.”

“அதைத்தானே சொல்லுறன்!”

“சரியான முடிவு, அக்கா. நானும் மாத்தியிருப்பன். ஆனா போன் தரமாட்டன்.”

“ஒரு நிமிசம் காணும்.”

“ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கவேணும்.”

அது மரியமலரின் சொந்த வசனம். வெள்ளிக்கிழமை லீவு கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் கிழமைக்குப் பத்துத் தரம் அவர் சொல்லுகிற வசனம். தட்டத்தை ஸ்ரீதரனிடம் நீட்டினார். “ஆறுது. குடியுங்கோ.”

மூன்றரை மணியானதைத் தேனுஜா மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தாள். எதிரே ஒரு சிறுமி கட்டுரைத் தலைப்பை உறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவர் முகத்திலும் ஒரே தவிப்பு.

நாலரைக்குத் தேர்வு முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள். லீவு கேளாத ஹோல்ட்கம்ப், ஒன்பதாம் நிமிடத்தில் தொடையைப் பிடித்தபடி வெளியேறியிருந்தான். நித்திரை கொள்ளாத பிரென்னர் ஒரு கோல் போட்டிருந்தான். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று போட்டான். ஆட்டம் முடியும் தறுவாயில் மூன்றாவது.

தலைவனாகவே இருந்துவிட்ட பிரென்னரின் புள்ளியை இரட்டித்துச் செயலி கணக்குப் பார்த்து முடித்தபோது மரியமலர் நாலு புள்ளி முன்னால் நின்றார்.

முதலில் இராசலிங்கம்தான் கை தட்டத் தொடங்கினார். மரியமலர் கைப்பையைத் திறந்து, இரண்டாக மடித்த பால் பெட்டித் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“வாசியும்,” என்றார்.

“தெரியும், அக்கா.”

“பரவாயில்லை, வாசியும்.”

வென்றது பிழையான ஆளால் என்பது மட்டும் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. தகப்பனாகி இரண்டு கிழமையான தன் பணியாளன் ஒருவனுக்கு அவர் இலேசான வேலையாகவே போட்டு வந்திருந்தார். திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டு, பழைய மாடி திரும்ப வேண்டுமா என்று கேட்டாராம். “தயவுசெய்து வேண்டாம், மேடம்,” என்று அவன் கெஞ்சினானாம். அதற்குப் பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது. “பிரென்னர் ஒரு விதிவிலக்கு,” என்று தேனுஜாவிடம் தீர்ப்புச் சொன்னார்.

ஓகஸ்டில் பள்ளி மறுபடி தொடங்கியது. மரியமலர் கையில் ஒன்றுமில்லாமல் வந்து நீலக் கதிரையில் உட்கார்ந்தார். நவரத்தினம் சட்டைக் கையை மடித்து, இரண்டு கேத்தலையும் ஒன்றாகச் செருகினார். கட்டடத்தின் பாதி இருண்டது. மேலே வகுப்புகளில் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள்.

“அக்கா! என்ன செய்யிறது?”

“கட்டடம் பாக்கிற ஹவுஸ்மைஸ்டரின்ரை நம்பர் பியூஸ் பெட்டிக்குப் பக்கத்திலை ஒட்டியிருக்கு,” என்று இருட்டுக்குள்ளிருந்து நிதானமாகப் பதில் வந்தது.

முக்கால் மணி கழித்து வந்த தேநீர் வெந்நீருக்கும் பாலுக்கும் இடையில் ஏதோ ஒன்றாக இருந்தது. மரியமலர் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். “இன்னொண்டு,” என்று கோப்பையை நீட்டினார்.

மூன்றாம் கிழமை அவர் தேனுஜாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

“பிள்ளை, வாற சனி நான் வரமாட்டன்.”

“கிராங்கோ, அன்ரி?”

“சீ. வேலையிடத்திலை எனக்கு ஒரு டிக்கெட் குடுத்தவை. மைதானத்துக்குப் போறன். இத்தனை வருசத்திலை ஒரு ஆட்டமும் நேரிலை பாக்கேல்லை, சனியெண்டால் இஞ்சைதானே நிண்டனான். ஹோல்ட்கம்ப் திரும்பி வந்திட்டானாம். ஆளைப் பாக்கவேணும்.”

“நல்லாப் பாத்திட்டு வாங்கோ. அணியை நான் போடுறன்.”

“அணி கிடக்கட்டும்.” மரியமலர் கதிரையின் கைப்பிடியைத் தடவினார். மறுபக்கத்தில் கேத்தலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நவரத்தினத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “வகுப்புத் தொடங்க முன்னம் உம்மடை கொப்பியளைக் கொண்டுவந்து இதிலை வைச்சுவிடும். நான் வரும்வரைக்கும் ஒருத்தரையும் இதிலை இருக்க விடாதையும்.”