பிள்ளைப் பெட்டிக்கு அளந்த வாசல்

கல்லறைத் தோட்டத்து வாசலை அண்ணாந்து பார்க்காமல் யாரும் உள்ளே போவதில்லை. நாலு தேக்குத் தூண், மேலே ஓட்டுக் கூரை. ஓர் இரும்பாணி கிடையாது, எல்லாம் மர ஆணி. நடுவில் பழங்காலத்துக் கல்மேடை. பாதிரியார் வரும்வரை சவப்பெட்டியை அதன்மேல்தான் இறக்கி வைப்பார்கள். தூக்குகிறவர்கள் கல்லுக்கும் தூணுக்கும் நடுவில் நடக்க வேண்டும்.

பழைய தூண்கள் செல்லரித்தபோது ஊர்த் தச்சர்தான் புதுசு செய்தார். தூணில் செதுக்குகிற திராட்சைக் கொடி புடைத்து நிற்க வேண்டுமென்று தடிதடியாக மரம் எடுத்தார்.

"ஏங்க, ஆள் நடக்க வேணாமா? கொஞ்சம் இழைச்சு விடுங்க" என்றாள் பெண்டாட்டி.

"நீ அடுப்பைப் பாரு."

வேலை முடிந்த வாரமே அவர்களுடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயது. சின்னப் பெட்டி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்தால் போதும். அதுதான் புது வாசலில் நுழைந்த முதல் பெட்டி. தச்சர் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா, எவ்வளவு லேசாப் போகுது!"

பெற்றவன் வாயில் வருகிற பேச்சா அது? அன்றிலிருந்து அவர் என்ன சொன்னாலும் அவள் 'உம்' கொட்டியதோடு சரி.

பிறகு பெரியவர்கள் செத்தார்கள். தூக்கினவன் கையெல்லாம் திராட்சைக் குலையில் உரசித் தோல் உரிந்தது. "செத்தவனுக்கு அழுறதா, கைக்கு அழுறதா?" என்று திட்டினார்கள். "தூக்கத் தெரியாதவனுக்கு வாசல் கோணல்" என்றார் தச்சர். இழைக்க மட்டும் மாட்டார்.

கடைசியில் அவரும் போனார். கண் மூடுமுன் ஒன்றே ஒன்று கேட்டார்: மகளை வைத்த கல்லில் தன்னையும் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும்.

ஆள் பருமன், பெட்டியும் பருமன். ஆறு பேர் தூக்கி வந்து வாசலில் சிக்கி நின்றார்கள்.

"அண்ணி, பின்பக்கமாப் போயிடலாம்" என்றான் கொழுந்தன். அவனும் தச்சன்தான், பெட்டிக்கு ஆணியடிக்க வேலைப் பையோடு வந்திருந்தான். "குப்பை வண்டி போற வழி. ஆனா அகலம்."

"கல்லுலதான் வைக்கணும்."

"அப்போ கொடியை வெட்டணுமே. அண்ணன் உசிரைக் குடுத்துச் செதுக்கினது!"

"உசிருதான் போயிடுச்சே. உளியை எடு."

அவன் கை எழவில்லை. கொட்டாப்புளிச் சுத்தியலைப் பிடுங்கி முதல் அடியை அவளே அடித்தாள். மிச்சத்தை அவன் அழுதுகொண்டே வெட்டினான்.

பெட்டி உரசாமல் போய்க் கல்லில் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா, எவ்வளவு லேசாப் போகுது!" என்றாள், பெட்டியைப் பார்த்து.

விழுந்த குலைகளை மடியில் அள்ளிக்கொண்டு போனாள். அன்று குளிக்க வெந்நீர் அதில்தான் காய்ந்தது. நல்ல தேக்கு, நின்று எரிந்தது.