கொக்கியில் தொங்கிய மேக்கப் பை

போன தை மாசம் எங்க நாத்தனார் மகளுக்கு திருநெல்வேலியில கல்யாணம். தாராவி, செம்பூர், நெருள்னு பம்பாயில ஆளுக்கொரு மூலையில இருக்கிற எங்க குடும்பம் மொத்தமும் ஒரே ரயில்ல கிளம்பினோம்.

நான் செம்பூர்ல வீட்டோட சின்னதா ஒரு பார்லர் வச்சிருக்கேன். எங்க குடும்பத்துல எந்தப் பொண்ணு மணையில உக்காந்தாலும் அலங்காரம் என் கைதான். யாரும் கேக்கிறதில்ல, நானும் சொல்றதில்ல, அது அப்படியே நடக்கும். புகுந்த வீட்டுல எனக்குன்னு இருக்கிற ஒரே பெருமை அதுதான்.

இந்தப் பயணத்துக்குன்னே புதுசா ஒரு மேக்கப் பெட்டி வாங்கினேன். ஸ்டேஷன் பக்கம் கடை கடையா ஏறி இறங்கி, இருக்கிறதுலயே மினுமினுக்கிறதா எடுத்தேன். திறந்தா கண்ணாடியைச் சுத்தி விளக்கு எரியும். உள்ள அறை இருக்கா, பாட்டில் சாயாம நிக்குமான்னு ஒண்ணும் பாக்கல. என் கொழுந்தன் பெண்டாட்டி கண்ணுல அது படணும், அவ்வளவுதான்.

அவ நெருள்ல இருக்கா, ஐரோலியில ஐ.டி. கம்பெனி வேலை. என்னை வாய் நிறைய அக்கான்னுதான் கூப்பிடுவா. அதுலயும் குறை சொல்ல முடியாது பாருங்க, அதுவே ஒரு எரிச்சல்.

வண்டி பன்வேல் தாண்டல, அவ ஒரு பையை எடுத்தா. சுருட்டி வச்ச துண்டு அளவுதான் இருக்கும். ஜன்னல் பக்கத்துக் கொக்கியில மாட்டி நாடாவை அவிழ்த்தா, மூணு மடிப்பா கீழே இறங்குச்சு. உள்ள இருக்கிறது வெளிய தெரியுற மாதிரி சின்னச் சின்ன பாக்கெட். மை, கிரீம், பவுடர், பிரஷ், ஊக்கு, ஒவ்வொண்ணும் அதது இடத்துல. ரயில் ஆடுது, ஒண்ணும் சிந்தல. அடுத்த கூபேல இருந்தெல்லாம் பொம்பளைங்க எழுந்து வந்து, எங்க வாங்கினீங்கன்னு விசாரிக்கிறாங்க.

எங்க மாமியார் வேற என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, சின்னவ சாமானை எம்புட்டு நறுவிசா வச்சிருக்கா பாத்தியா"ன்னாங்க. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து என் காபியைக்கூட நல்லாருக்குன்னு சொல்லாத வாய் அது. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. எதாவது ஒரு குறை கிடைக்காதான்னு அந்தப் பையையே துருவித் துருவிப் பாத்தேன். எல்லாரும் கடைசியில போடுற கண்மையை முதல் பாக்கெட்ல வச்சிருந்தா. அதுவும் சரிதான், நான் அடுக்கினாலும் அப்படித்தான் வைப்பேன். அதனால இன்னும் கடுப்பு.

மறுநாள் காலையில கல்யாணப் பொண்ணு முகத்தைக் கொஞ்சம் சரி பண்ணச் சொல்லி என்கிட்ட வந்தா. விளக்கெல்லாம் எரிய பந்தாவா பெட்டியைத் திறந்தேன். ஃபவுண்டேஷன் பாட்டில் மூடி கழண்டு, பெட்டி பூரா குழம்பா ஓடியிருந்துச்சு. பவுடர் களியாயிடுச்சு, பிரஷ்ஷெல்லாம் ஒட்டிக்கிட்டு கிடக்கு. விளக்கு மட்டும் நல்லா எரியுது. அந்தப் பொண்ணு ஆறுதலா சொல்றாளாம், "அத்தே, டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க. சின்னத்தை பேக்ல சப் குச், எல்லாமே இருக்கு."

அதுக்கப்புறம் ஊர் வந்து சேர்ற வரைக்கும் நான் அந்தப் பெட்டியையே துடைச்சுக்கிட்டு இருந்தேன். பெட்டி போனது போகட்டும். இந்தக் கல்யாணத்தோட என் இடமும் அவ கைக்குப் போயிடும்னு நல்லாவே தெரிஞ்சுது.

கல்யாணத்தன்னிக்கு காலையில மணமகள் அறை ஜன்னல் கம்பியில அவ பையைத் தொங்கவிட்டா. பொண்ணு வந்து நாற்காலியில உக்காந்தாச்சு. நான் வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். உள்ள போகவும் மனசில்ல, விட்டுட்டுப் போகவும் மனசில்ல. அவ திரும்பிப் பாத்து, "என்னக்கா அங்கயே நிக்கிறீங்க, நேரமாகுது வாங்க"ன்னு கூப்பிட்டுட்டு, பொண்ணு தலைக்குப் பூ எடுக்க நகர்ந்துட்டா.

வேலையை ஆரம்பிச்சேன். முதல்ல மை. அது என் பழக்கம், கண்ணை முடிச்சுட்டுதான் முகத்துக்கு வருவேன். அடுத்தது வேணும்னு கையை நீட்டினா, அடுத்த பாக்கெட்ல அதுவே இருக்கு. அதுக்கடுத்ததும் அப்படியே. ஒரு தடவைகூட நான் தேடல. பொட்டுக்குக் கை போனப்ப, பொட்டு கடைசி பாக்கெட்ல தயாரா இருந்துச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இந்த வரிசையை யார் உனக்குச் சொல்லிக்குடுத்தான்னு கேட்டேன்.

அவ பூவைத் தொடுத்து வைக்கிற மும்முரத்துல சாதாரணமா சொன்னா: "நீங்கதானக்கா. என் கல்யாணத்துல நீங்க எனக்குப் பண்ணிவிட்டப்ப கண்ணாடியில பாத்துக்கிட்டே இருந்தேன். அதே வரிசையில வைக்கத் தோதா ஒரு பை கிடைக்கணுமேன்னு எத்தனை கடை அலைஞ்சேன் தெரியுமா."

கண்ணு கலங்கினா பொண்ணு நெத்தியில பொட்டு கோணிடும்னு வேலையையே பாத்தேன்.

அதோட பொறாமை போயிடுச்சுன்னு சொன்னா அது பொய். வெளியே வந்ததும் மாமியார் அந்தப் பையைத்தான் மறுபடி புகழ்ந்தாங்க, எனக்கு மறுபடி எரிஞ்சுது. இன்னிக்கும் நெருளுக்குப் போனா அது கண்ணுல படும், லேசா சுருக்குங்கும். ஆனா ஒண்ணு மட்டும் மறக்கல. நான் அவ பையையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன், அவ அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே என் கையைப் பாத்து வச்சிருந்தா.